முயல் தூங்கவில்லை

நம்மை வளர்த்தவர்கள் அப்பா அம்மா மட்டுமில்லை. ஒரு காக்கா, ஒரு நரி, ஒரு முயல், ஒரு ஆமை, நிறைய எறும்புகள். என் வயதுக்காரர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள். சோறு பிசைந்த கையோடு நமக்கு அவற்றை ஊட்டினார்கள். இன்று யோசித்துப் பார்த்தால், அந்த மிருகங்களில் ஒன்றையாவது வீட்டுக்குள் சேர்க்கலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காக்கா வடையைத் திருடியது. திருட்டுப்பொருளை ஏமாற்றிப் பிடுங்கிய நரியைக் கெட்டிக்காரன் என்று நமக்குச் சொன்னார்கள். வடை சுட்டவளுக்கு அன்றைக்கு என்ன நஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. கிணற்றில் தன் நிழலைப் பார்த்துக் குதித்த சிங்கம் அதற்கு முன் ஒரு குட்டையில்கூடத் தண்ணீர் குடித்ததில்லையா? முதலை இருக்கிறதே, குரங்கைக் கொல்லத்தான் கூட்டிப்போகிறேன் என்று பாதி ஆற்றில் அந்தக் குரங்கிடமே சொல்லிவிட்டது. அவ்வளவு வெகுளியான கொலைகாரனை நான் எங்கும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதைகளுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. அவற்றை வைத்து ஒருவரை அடித்தார்கள்.

அப்போது விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. லேபிள் ஒட்டாமல் ஒரு மூட்டையையும் நகர்த்தமாட்டார், மனிதர்களுக்கும் அப்படித்தான். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் அக்காவான என் அத்தை. கணவர் போனபிறகு எங்களோடு வந்துவிட்ட அத்தையின் கையில்தான் சமையலறைச் சாவி இருந்தது. கூடவே அம்மாவின் தம்பி, என் மாமா. பக்கத்துக் கிராமமான காணையில் இருந்த கொஞ்ச நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கல்லூரியில் படிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர். பி.எஸ்சி. முடித்தாயிற்று. வேலைதான் கிடைக்கவில்லை. அக்கா புருஷனை அவரும் "மாமா" என்றுதான் கூப்பிடுவார். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு மாமாக்கள். இந்தக் கதையில் நான் மாமா என்று சொல்வதெல்லாம் சின்னவரைத்தான்.

மாமா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவர். கப்புகூட வைத்திருந்தார். அதனால் முயல் பட்டம் அவருக்கு உடனே பொருந்திவிட்டது.

"ஒரு ஊர்ல ஒரு முயலாம்," என்று சாப்பிடும்போது அப்பா ஆரம்பிப்பார். கதை எனக்கு. கண் மாமாவின் தட்டின் மேல். "நல்லா ஓடுமாம். பி.எஸ்சி. வரைக்கும் ஓடிச்சாம். அப்புறம் ரயில்வே குவார்ட்டர்ஸ் கூடத்துல வந்து காலை நீட்டிக்கினு படுத்துக்கிச்சாம்."

அத்தை சிரிப்பார். நானும் சிரிப்பேன். மாமாவும் சிரிப்பார். அம்மா மட்டும் குழம்பை ஊற்றிக்கொண்டே இருப்பார்.

நான் நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதிய கோடை அது. மாமா உண்மையிலேயே தூங்கினார். காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு மறுபடி படுப்பார். பேப்பரைப் பிரித்தால் எழுத்து மங்குகிறது என்று மடித்துவைத்துவிடுவார். சாயந்தரம் என்னை ரயில் பார்க்கக் கூட்டிப்போகிறவர், பாதி வழியில் ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவார். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்பா" என்பார். அந்தப் பெஞ்சின் சூடு பாவாடையைத் தாண்டிச் சுட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்தது காக்கா. அந்த வருஷம் வெயில் அப்படி. எல்லோருக்கும் தாகம்தான். ஆனால் பானை காலியாவதை முதலில் கவனித்தவர் அத்தை.

"காலையில ரொப்பி வச்ச பானைடா. மதியம் பார்த்தா அடியில கெடக்குது. இவன் குடிக்கறானா, குளிக்கறானா?"

"தாகமெடுத்த காக்கா இல்லியா," என்றார் அப்பா. "காக்காவாவது கல்லு பொறுக்கி வேலை செஞ்சுதுக்கா. இது சொம்பெடுத்துக்கினு நேராவே போயிடுது."

அந்தக் கதையை நானும் மாமாவும் சோதித்துப் பார்த்தோம். தண்டவாளத்து ஓரத்திலிருந்து பாவாடையில் கருங்கல் ஜல்லி அள்ளி வந்தேன். வாய் உடைந்த பழைய பானை ஒன்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கல்லை ஒவ்வொன்றாகப் போட்டோம். கல் மேலே வந்தது, தண்ணீர் வரவில்லை. கற்களின் இடுக்கில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

"காக்கா செத்திருக்கும் பாப்பா," என்றார் மாமா. "கதை கட்டினவன் பானையில முக்காவாசி தண்ணிய ஊத்திட்டுக் கட்டியிருக்கான்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மாமா ஜல்லியை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். பிறகு பானையைத் தூக்கி, கலங்கிக்கிடந்த அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். "ஐயே மாமா, அது கல்லு தண்ணி!" என்று கத்தினேன். "இருக்கட்டும்" என்று வாயைத் துடைத்துக்கொண்டார். அதுவும் விளையாட்டில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு எலி வந்தது. சின்ன ஓட்டை வழியாகக் குதிருக்குள் போய், தின்று கொழுத்து, வெளியே வரமுடியாமல் மாட்டிக்கொண்ட எலி. காணையிலிருந்து குத்தகைக்காரர் அனுப்பிய, நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை மூட்டை பாதிக்குமேல் இறங்கிப்போனதும் அப்பா இந்தக் கதையை எடுத்தார். மாமா அப்போது மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எலி குண்டாயிடிச்சுன்னுதானேப்பா கதை?" என்று கேட்டேன். "மாமா ஒல்லியாயிக்கினே வர்றாரே?"

"சாப்பிடும்போது பேசாத," என்றார் அப்பா.

மாமாவின் இடுப்பு பெல்ட்டில் கம்பெனி போட்ட ஓட்டைகள் தீர்ந்து, ஆணி வைத்துக் குத்திய புது ஓட்டைகள் வந்திருந்தன. அம்மா அதைத் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். "வேலை கெடைக்கலன்ற கவலைங்க," என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். "கவலைப்படறவன் மூணு தட்டு தின்னமாட்டான்," என்றார் அப்பா. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

எறும்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழைக்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் எறும்பு, பாடித் திரிந்த வெட்டுக்கிளி. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த கதை. அந்தக் கோடையில் எங்கள் கொல்லைப்புறத்தில் எறும்பு வரிசை வரிசையாகப் போயிற்று. ஒருநாள் காலை அப்பா பல் துலக்கிக்கொண்டே மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருடா. வரிசை தப்புதா? ஒண்ணாவது படுத்துக்கினு கெடக்குதா?" மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். அத்தை அடுப்புச் சாம்பலை அள்ளிவந்து வரிசை மேல் கொட்டினார். மறுநாளும் எறும்பு வந்தது, மறுபடியும் சாம்பல் கொட்டினார். அந்த எறும்புகள் எங்கே போகின்றன என்று ஒருவரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

சித்திரை முடியப்போகும் சமயம், திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அம்மா மாமாவின் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். காலையில் பஸ் ஏறிப் போனவர் பொழுது சாயும் நேரத்தில் திரும்பினார். வாசற்படியில் கால் தடுக்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாந்தி எடுத்த கறை சட்டையில் இருந்தது. பேச்சு குழறியது.

அப்பா கிட்டே போனார். மோந்து பார்த்தார்.

"எங்கடா போயிருந்த?"

"திண்டிவனம் மாமா. அங்க... பஸ் ஸ்டாண்டுல படுத்துட்டேன். ஸ்கூலுக்குப் போவல."

"ஸ்கூலுக்குப் போவல. பாண்டிக்குப் போயிருக்க."

"இல்ல மாமா."

"வாயைத் தொற."

அந்த வாடை எனக்கும் வந்தது. அழுகப்போகும் பழக்கூடைக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி ஒரு இனிப்பு வாடை. பாண்டி பக்கத்திலேயே இருந்ததால், எங்கள் ஊரில் யார் தள்ளாடினாலும் பாண்டிதான் காரணம். அதற்குமேல் விசாரணை கிடையாது.

"இதுவரைக்கும் சோம்பேறின்னுதான் நெனச்சேன்," என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. "பொண்ணு இருக்கற வீடு இது. காலையில எழுந்து உன் பொட்டிய எடுத்துக்கினு காணைக்குப் போயிடு."

"அங்க யாரு இருக்காங்க அவனுக்கு?" என்றார் அம்மா.

"அது எனக்குத் தெரியாது."

மாமா தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டுக் கூடத்தில் அப்படியே சுருண்டு படுத்தார்.

விடிந்தபிறகும் அவர் எழவில்லை. டியூட்டிக்குக் கிளம்பிய அப்பா அவரைத் தாண்டிப் போய்ச் செருப்பைத் தேடினார். "எழுப்பவேணாம். தூங்கி எழுந்தே போவட்டும். முயலுக்குத் தூக்கம்தானே முக்கியம்," என்றார்.

அம்மா எழுப்பினார். தோளைத் தொட்டார், உலுக்கினார், கன்னத்தில் தட்டினார். மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்போதுதான் அவர் மூச்சு விடுவதை எல்லோரும் பார்த்தோம். கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி, ஆழமாக, வேகமாக, நெஞ்சு முழுவதும் ஏறி இறங்கியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஏங்க," என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அப்பா கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

பார்சல் ஏற்றும் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். அவர் வண்டியில்தான் மாமாவைக் கிடத்தினோம். "ஜல்தி போப்பா, ஜல்தி," என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் கூடத் தள்ளினார். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாமல், என்னையும் இழுத்துக்கொண்டு அத்தை பின்னால் ஓடிவந்தார். ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். அம்மாவைவிட இளையவர்.

"குடிச்சிருக்கான்மா," என்று அப்பா முந்திக்கொண்டு சொன்னார். "நேத்து நல்லா வாடை வந்துது."

டாக்டர் மாமாவின் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "தண்ணி நிறைய குடிப்பாரா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"பானை பானையா," என்றார் அம்மா.

"பசி?"

"நல்லா சாப்பிடுவான்."

"இளைச்சுட்டே வந்தாரா? சோர்ந்து படுத்துடுவாரா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அப்பா சுவரோடு ஒட்டி நின்றார்.

"ஒண்ணுக்குப் போற இடத்துல எறும்பு மொய்க்குதா?"

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தைதான் சொன்னார். எதற்கும் அசராத அத்தையின் குரல் உடைந்துபோயிருந்தது. "மொய்க்குதும்மா. நான் தெனம் சாம்பல் கொட்டிக்கினு இருக்கேன்."

"இது சாராய வாடை இல்லைங்க," என்றார் டாக்டர். "சர்க்கரை முத்திப்போய் மூச்சுல வர்ற வாடை."

"சர்க்கரையா?" என்றார் அப்பா. "அது வயசான பணக்காரங்களுக்கு வர்றது இல்லீங்களா? இவனுக்கு இருபத்திரண்டுதாங்க ஆவுது."

"சின்ன வயசுல வர்றதும் இருக்கு. அதுதான் மோசமானது. பாண்டிக்கு எடுத்துட்டுப் போங்க, உடனே. நான் லெட்டர் தர்றேன்."

அப்படித்தான் மாமா கடைசியில் பாண்டிக்குப் போனார். அம்பாசிடர் காரின் பின் சீட்டில், தலை அப்பாவின் மடியில், கால் அம்மாவின் மடியில். நான் முன் சீட்டில் அத்தை மடியில் உட்கார்ந்திருந்தேன். வளவனூர் கடைத்தெருவில் கரும்பு லாரி ஒன்று குறுக்கே நின்று வழி விடவில்லை. அப்பா கதவைத் திறந்து இறங்கி, நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

மாமா பிழைத்தார். திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. கூடவே ஒரு நீளமான எவர்சில்வர் டப்பாவும் வந்தது. உள்ளே கண்ணாடி சிரிஞ்சு, இரண்டு ஊசி. தினமும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும். எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்தோம். அந்த டப்பா எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. அதன் மூடி திறக்கும் சத்தம் மட்டும் என் காதில் இருக்கிறது.

ஊசி போடுவது யார் என்ற கேள்வி வந்தது. மாமாவுக்குக் கண் இன்னும் சரியாகத் தெளியவில்லை. அம்மா ஊசியை எடுத்து மறுபடி டப்பாவிலேயே வைத்துவிட்டார். அத்தை ஸ்டவ் பற்றவைத்ததுமே கொல்லைக்குப் போய்விடுவார். அப்பாவோ கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டார். ஆனால் அவர்தான் ஒரு சாத்துக்குடியை வாங்கிவந்து, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் காட்டியபடி அதில் தண்ணீரை ஏற்றி ஏற்றிப் பழகினார். சாத்துக்குடி தளதளவென்று ஆகிவிட்டது. பிறகு தினமும் டியூட்டிக்குப் போகுமுன் மாமாவின் கையைப் பிடித்து ஊசி போட்டார். போடும்போது இவர் கண்ணை இறுக்கிக்கொள்வார். "மாமா, கண்ணைத் தொறந்துக்கினு போடுங்க, பேஜாராப் போயிடப்போவுது," என்பார் மாமா.

அப்பா கதை சொல்வதை நிறுத்திவிட்டார். நான் கேட்டாலும், "சாப்பிடு" என்பார். சாப்பாட்டு நேரம் தட்டுச் சத்தம் மட்டுமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, முயல் கதை சொல்றேன் கேளு," என்றார் மாமா. "முயல் தூங்கல பாப்பா. அதுக்கு மயக்கம். பாதி ஓட்டத்துல கண்ணு இருட்டிக்கினு மரத்தடியில விழுந்துடுச்சு. பின்னாடி ஆமை வருது. பாக்குது. ஒரு வார்த்தை, 'இன்னாப்பா, உடம்பு சரியில்லையா'ன்னு கேக்கலாம் இல்ல? கேக்கல. அது பாட்டுக்கு நடந்து போயி பரிசை வாங்கிக்கிச்சு. ஊரே கைதட்டுது. முயல் அங்கியே கெடக்குது."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அப்பா வாசலில் நின்றிருந்தார். சைக்கிளை விட்டுவிட்டு எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆமைக்குக் கண்ணு இருந்துதுடா. புத்திதான் இல்ல."

மாமா எழுந்துபோய் அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அப்பா அதை வாங்கிக் குடித்தார். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பிற்பாடு அதே திண்டிவனத்தில் மாமாவுக்கு வேறொரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கண்ணும் தெளிந்து, ஊசியைத் தானே போட்டுக்கொள்ளப் பழகினார். கல்யாணப் பேச்சு எடுத்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தரகர் வியாதியைச் சொல்லவேண்டாம் என்றார். "கட்டின அப்புறம் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது," என்றார். அப்பா தரகரை வெளியே அனுப்பிவிட்டு, மாமாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பெண் வீட்டுக்குப் போனார்.

பெண்ணின் அப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். நாற்காலியில் உட்காரவைத்துக் காபி கொண்டுவந்து வைத்தார்கள்.

"காபி அப்புறம் குடிக்கிறேங்க," என்றார் அப்பா. "மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். பையனுக்குச் சர்க்கரை. தெனம் ஊசி. ஒரு நாள் தவறினாலும் ஆபத்து. ஆயுசுக்கும் அப்படித்தான். மத்தபடி அவனைப்போல ஒரு நல்ல பையனை நான் பார்த்ததில்லைங்க."

பெண்ணின் அம்மா முகம் இறுகிப்போயிற்று. கம்பவுண்டர் தரையைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து பெண்ணே வந்து கதவருகில் நின்றாள்.

"இப்ப ஊசி யாருங்க போடறது?"

"அவனேதான் போட்டுக்கறான்மா. உடம்பு முடியாத நாள்ல நான் போய்ப் போடுவேன். கூட ஒரு ஆள் தெரிஞ்சவங்களா இருந்தா நல்லது."

"அப்பா லீவு போட்டா நான்தாங்க மாட்டுக்குப் போடறேன்," என்றாள். "எருமைக்கும் போட்டிருக்கேன். அவரு உதைக்கமாட்டாரு இல்ல?"

அப்பா சிரித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து ஓய்ந்தும் அந்தத் தண்ணீர் நிற்கவில்லை. பிறகு ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாமா அறுபதைத் தாண்டியும் நன்றாகவே வாழ்ந்து போய்ச்சேர்ந்தார். மாமி திண்டிவனத்தில்தான் இருக்கிறார். போன மாதம் போனபோது, அன்றைக்கு அப்பாவிடம் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாம?" என்றார் மாமி. "உதைக்கலடி. ஆனா நான் ஊசி போட்ட அன்னிக்கெல்லாம், மாடு மாதிரி 'அம்மா'ன்னு கத்துவாரு."